கபனிட்ட கார்

கடலுக்கும் கச்சான் காற்றுக்கும் நடுவில் குடியிருக்கிற ஒரு மனிதன் கறுப்புக் கார் வாங்கினால், ஒன்றில் அவனுக்கு நிறத்தைப் பற்றித் தெரியாது, அல்லது ஊரைப் பற்றித் தெரியாது. அபூசாலி ஹாஜியாருக்கு இரண்டும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாங்கினார். கொழும்பில் பெரிய மனிதர்கள் வந்து இறங்குகிற கார்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வைத்திருந்தார். எல்லாம் கறுப்பு. வெள்ளைக் காரில் வந்தவனுக்கு எவனும் ஓடிவந்து கதவு திறந்துவிட்டதை அவர் கண்டதில்லை.

வாகன இறக்குமதித் தடை நீங்கிய கையோடு, சாய்ந்தமருதில் முதலாவது புதுக் கார் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கார் வந்தது. தெரு ஒழுங்கையில் விளையாடிய பிள்ளைகள் அதில் முகம் பார்த்துப் பல் இளித்தார்கள். ஹாஜியார் கொழும்பிலேயே அதற்கு ஏதோ கண்ணாடிப் பூச்சு பூசி எடுத்து வந்திருந்தார். "ஈ இருந்தா வழுக்கி விழும்" என்று கல்முனைக் கடைத்தெருவில் தன் இரும்புக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்து போனார்கள்.

காரை நிறுத்தியது மனைவி நதீராவின் வளவில். அந்தப் பக்கத்து வழமை தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: அங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து ஏறுவான். அபூசாலியும் இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு சூட்கேசோடும் ஒரு மேசைக் காற்றாடியோடும் வந்து ஏறியவர்தான். வீடு, வளவு, வளவின் நடுவே நிற்கிற நாவல் மரம், சாகாமத்தில் குளத்துக்குக் கீழே வெள்ளாமைக் காணி, எல்லாமே நதீராவுக்கு அவளுடைய வாப்பா அப்துல் கபூர் கொடுத்தவை. அந்தக் காணிதான் காராக மாறியது.

காணியை விற்க நதீரா இலேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஹாஜியார் அப்போது எடுத்த ஆயுதம் மாமனார்தான். கபூரின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. திங்களும் வியாழனும் அக்கரைப்பற்று ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தம் கழுவ வேண்டும். கனகரெத்தினத்தின் ஓட்டோவில் போய் வருவதற்குள் மனிதர் உரலில் இடித்த மாவாகி விடுவார்.

"வாப்பாட உசிருக்கு வேண்டித்தான் கேக்கன் நதீரா. ஏசி போட்ட காருக்குள்ள சாஞ்சிக்கிட்டுப் போகட்டும் மனிசன். காணி எங்க போகப் போகுது? ஹயாத்தோட, உசிரோட இரிக்கிற மனிசன் முக்கியமா, மண் முக்கியமா?" என்றார்.

நதீரா கையெழுத்து வைத்தாள். அதற்குப் பிறகு மூன்று மாதமாக, கிழமைக்கு இரண்டு முறை, கபூர் கனகரெத்தினத்தின் ஓட்டோவில்தான் போய் வந்தார்.

காரணங்கள் இருந்தன. முதல் மாதம் காருக்குப் பூச்சு இறுக வேண்டியிருந்தது. இரண்டாம் மாதம் காரைதீவில் தார் போட்டார்கள். தார்த்துளி ஒட்டினால் போகாது. மூன்றாம் மாதம் கச்சான் காற்று உச்சத்துக்கு ஏறிவிட்டது. அக்கரைப்பற்று வீதி முழுக்க அறுவடைத் தூசி.

இதற்கிடையில் வளவில் புதுச் சட்டங்கள் அமுலுக்கு வந்தன. கைப்பகுதியில் கல் பதித்த அபாயா அங்கி உடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தால் போகக் கூடாது, கல் உரசும். இந்தச் சட்டத்தால் மகள் அம்ஹா கொல்லைப்புறத்தால் சுற்றி மதிலோரமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நடந்து கேட்டுக்குப் போனாள். கோழிகள் விற்கப்பட்டன. பூனைக்கு மட்டும் சட்டம் செல்லவில்லை. பூனையை அடிப்பது பாவம் என்று ஹாஜியாரே மேடையில் பேசியிருக்கிறார். ஆகவே அது, ஹாஜியார் துடைத்து முடித்த கையோடு, பொனெட்டில் படுத்து எழும்பிப் போகும். ஹாஜியார் அதன் காலடிச் சுவடுகளை ஒவ்வொன்றாக ஊதித் துடைப்பார்.

கழுவுவதுதான் பெரிய சடங்கு. சுபஹ் தொழுதுவிட்டு வந்து, வெளிச்சம் வருமுன்னே தொடங்குவார். வெயிலில் கழுவினால் தண்ணீர் காய்ந்து பொட்டு விழுமாம். ஒரு வாளி சவர்க்காரத்துக்கு, ஒரு வாளி அலசுவதற்கு. சவர்க்காரம் குழந்தைகளுக்குத் தலைக்கு வார்க்கிற வகை. கிணற்றுத் தண்ணீர் உவர். கறுப்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். அதனால் குடிக்கிற தண்ணீர் சுத்திகரிக்கும் இடத்திலிருந்து கான் கானாக வரவழைத்தார்.

கபூர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் மட்டும் இன்னும் கெடாத மனிதர்.

"மருமகன், எனக்கு டொக்டர் நாளைக்கு ரெண்டு கோப்பத் தண்ணிதான் எழுதிரிக்கார். உங்கட காருக்கு எத்தின கான் எழுதிரிக்கி?"

"மாமா, இது ஊட்டுச் சாமான். பராமரிக்கத்தானே வேணும்?"

"ஓம் ஓம். நான் ஊட்டுச் சாமான் இல்லதான்."

கழுவி, மெழுகு பூசி, மெல்லிய துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்த பிறகு காருக்கு உறை போடுவார். உச்சி முதல் சில்லு வரை மூடுகிற வெள்ளைத் துணி. கச்சான் அதைப் பிடித்து இழுக்கும். அதற்காகக் கயிறு போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினார். காற்று விடுமா? பகல் முழுக்க உறை படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். வளவோ கடற்கரை வளவு. மணல் பறந்து வந்து எங்கே புகலாமோ அங்கே புகும்.

அந்த வெள்ளை உறைக்கு அப்துல் கபூர் வைத்த பெயர்தான் ஊரில் பரவியது: கபன், அதாவது மையித்தை, இறந்த உடலை, அடக்குமுன் சுற்றுகிற வெள்ளைத் துணி. ஒருநாள் பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த நாலு பேர் முன்னிலையில் கேட்டார்:

"மருமகன், மையித்தெண்டாலும் நாலு மணித்தியாலத்துல அடக்கிருவம். இதக் கபனிட்டு மூணு மாசமாச்சி. எப்ப தூக்கிற?"

அதற்குப் பிறகு ஹாஜியார் கடைக்கு வந்தவர்கள் காரைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திவிட்டு, வேறு எதற்கோ சிரிக்கத் தொடங்கினார்கள்.

ஹாஜியாருக்கு இதெல்லாம் பொருட்டல்ல. வெள்ளிக்கிழமை ஒன்று வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். பள்ளிவாசலின் புது வாசல் வளைவைத் திறந்து வைக்கக் கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர் வருகிறார். கல்முனையில் அவரை ஏற்றி, சந்தியால் மெதுவாக உருட்டி, பள்ளிவாசல் முன்னால் கொண்டு வந்து இறக்குவது அபூசாலியின் கறுப்புக் கார். அடுத்த நிர்வாக சபைத் தலைவர் யார் என்று அதற்குப் பிறகு எவனும் கேட்க மாட்டான். அதற்கு முதல் கிழமையே நாவல் மரத்தின் கிளைகளை வெட்டுவித்தார். வௌவால் பழத்தைத் தின்று காரின் மேல் கழிக்கிறதாம், ஊதாக் கறை போகாதாம். மரத்தையே அடியோடு தறிக்கத்தான் ஆள் கூட்டி வந்திருந்தார். நதீரா மரத்தடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அந்தி வரை கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். கோடரிக்காரன் கிளையை மட்டும் வெட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள்தான் அவளுக்குத் தெரிந்தது, மூன்று மாதமாக நிழலில் நின்ற காரின் மேல் இப்போது நேரே வெயில் விழுகிறது என்று.

வெள்ளிக்கு முதல்நாள் வியாழன். காலையில் கனகரெத்தினம் தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, வண்டி பாண்டிருப்புச் சந்தியில படுத்திட்டு. கியர் வயர் அறுந்து போச்சி. கோவிக்காதீங்க. வேற ஆரையும் புடிங்க."

கபூருக்கு முந்திய நாள் இரவிலிருந்தே மூச்சு இழுத்தது. கால் இரண்டும் வீங்கி, பாதத்தில் விரல் வைத்தால் குழி விழுந்து எழும்பவே இல்லை. முகம் உப்பி, கண் சிறுத்துப் போயிருந்தது. கதிரையில் சாய முடியாமல் முன்னுக்குக் குனிந்து இருந்தார். அன்று காலை அவர் ஒரு பகிடிகூட விடவில்லை. நதீராவைப் பயப்படுத்தியது அதுதான்.

"இஞ்ச பாருங்க," என்றாள் கிணற்றடிக்குப் போகவிருந்த புருசனிடம். "ஓட்டோ இல்ல. கார எடுங்க. ஒம்பது மணிக்கு மெசினுல ஏறல்லெண்டா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"வேன் ஒண்டுக்குச் சொல்லிரிக்கன் புள்ள. இப்ப வந்துருவான்."

"எப்ப சொன்ன?"

"சொல்லப் போறன்."

"வாப்பாவப் பாருங்க. அந்த மூச்சப் பாருங்க."

"பாத்தன் நதீரா. எனக்குக் கவல இல்லியா? இண்டைக்கிச் சுபஹுக்குத்தான் மெழுகு போட்ட. நாளைக்கி அவரு வாறாரு. இந்தக் கச்சானுக்குள்ள, நெல்லுத் தூசுக்குள்ள அக்கரப்பத்துக்குப் போய் வந்தா என்ன கதி? நாளைக்கி ஜும்ஆ முடியட்டும். மறுகா உன்ட வாப்பாவச் சந்திரனுக்கெண்டாலும் கொண்டு போறன்."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். போகிறபோது, வழக்கம் போல, இடுப்பிலிருந்த அகலப் பச்சைப் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கார்ச்சாவி அந்தப் பெல்ட்டின் பைக்குள்தான் இரவு பகலாகக் குடியிருந்தது.

நதீரா வேனுக்கு ஐந்து நிமிடம் பார்த்தாள். வேன் சொல்லப்பட்டிருக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. பெல்ட்டின் பையைத் திறந்தாள். அவளிடம் சாரதி லைசன் இருந்தது. அம்ஹாவைக் கல்முனையில் கார் பழக விட்டபோது, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பானேன் என்று தானும் பழகி, மகளுக்கு முன்னால் பாஸ் பண்ணியவள். ஹாஜியார் அந்த லைசனைப் பார்த்துவிட்டு, "நல்ல போட்டோ" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

கயிறுகளை அவிழ்க்க நேரமில்லை. கத்தியால் அறுத்தாள். உறையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தபோது கிணற்றடியிலிருந்து சத்தம் வந்தது.

"ஏய்! என்னகா செய்யிற?"

ஹாஜியார் ஈரத்தோடு ஓடி வந்தார். பெனியன், அரைகுறையாகச் சுற்றிய சாரம். பெல்ட் ஆணியில் தொங்கியது. உறையின் மற்ற மூலையை அவர் எட்டிப் பிடித்தார். இழுபறி தொடங்கியது. ஆனால் அவருக்கு உறைக்கு ஒரு கைதான் மிச்சம். மற்றக் கை சாரத்துக்குத் தேவைப்பட்டது. நதீராவிடம் இரண்டு கை இருந்தன.

"விடு நதீரா!"

"விடமாட்டன்."

"ஊர் பாக்கிது!"

"பாக்கட்டும். உங்கட சாரத்தப் புடிங்க, அதத்தான் பாக்கிது."

உறை பறந்து அவள் பக்கம் வந்தது. அதன் மடிப்புகளிலிருந்து பொலபொலவென்று மணல் கொட்டியது. கிளை வெட்டிய இடத்தால் இறங்கிய காலை வெயில் முதன்முதலாகக் காரின் மேல் முழுதாக விழுந்தது.

இருவரும் அதன் மேல் குனிந்தார்கள். பொனெட், கூரை, கதவு, எங்கு பார்த்தாலும் மெல்லிய கீறல்கள். ஆயிரம் சிலந்திகள் கூலிக்கு அமர்ந்து மூன்று மாதம் வலை பின்னியது போல, வெயில் விழுந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாக மினுங்கியது. இருட்டோடு கழுவி, விடியுமுன் மூடியதில் ஹாஜியார் கண்ணுக்கு ஒருநாளும் தட்டுப்படாத வலை.

"இத ஆருகா கீறின?" ஹாஜியார் விரலால் ஒரு வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். "பூனையா? கண்ணூறா? ஆரோ சூனியம்..."

நதீரா உறையின் உட்பக்கத்தைத் தடவி, விரலில் ஒட்டிய மணலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சூனியக்காரன் நீங்கதான். மண்ணையும் உள்ளுக்கு உட்டு, இறுக்கியும் கட்டி வெச்சீங்க. கச்சான் ராப் பகலா நிண்டு தேச்சிரிக்கி. இதுக்குத்தானா என்ட புள்ள மதிலோரமா நடந்த? இதுக்குத்தானா எங்கட வாப்பா ஓட்டோவுல குலுங்கின?"

அவர் சாரத்தை இழுத்துக் கட்டினார். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அம்ஹாவும் அவளுமாகக் கபூரைத் தாங்கி முன்சீட்டில் ஏற்றினார்கள். சீட்டில் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் இன்னும் கிடந்தது. நதீரா பிஸ்மி சொல்லி எஞ்சினை உயிர்ப்பித்தபோது கிழவர் குனிந்தபடியே, மூச்சுக்கு மூச்சு ஒரு சொல்லாகச் சொன்னார்:

"மையித்து... எழும்பிட்டு... மகள்."

கார் கேட்டைத் தாண்டுகிற கணத்தில் பின்கதவு திறந்து மூடியது. ஹாஜியார் பெனியனும் ஈரச்சாரமுமாகப் பின்சீட்டில் விழுந்திருந்தார். மாமனாருக்காக ஏறினாரா, காருக்காக ஏறினாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

காரைதீவு தாண்டும் வரை பின்னாலிருந்து உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன.

"அந்த லொறிக்குப் பின்னால போகாத, கல்லுத் தெறிக்கும்."

"ம்."

"வைக்கோல் மெசின்! வைக்கோல் மெசின்! நிப்பாட்டு, அது போகட்டும்!"

"வாப்பாட மூச்சு தாங்குமா அது போகு மட்டும்?"

"கண்ணாடிய மூடு, தூசு!"

"மூடித்தான் இரிக்கி. நீங்க வாய மூடுங்க."

நிந்தவூர் கழிந்ததும் இருபக்கமும் வயல்வட்டைகள் திறந்தன. அறுவடை மெசின்கள் தூசியைத் தலைக்கு மேல் எறிந்துகொண்டு ஊர்ந்தன. வெட்டிய வயல்களில் கொக்குகள். நதீரா அந்தப் பக்கம் பார்க்காமல் ஓட்டினாள். இந்நேரம் சாகாமத்திலும் வெட்டுவார்கள். யாருடையதோ வயலில் யாரோ.

அதற்குப் பிறகு வீதியிலேயே நெல். வலப்பக்கப் பாதி முழுக்க, நெடுந்தூரத்துக்கு, பொன்னிறமாகப் பரத்தியிருந்தார்கள். வாகனம் ஏறாமல் ஓரத்தில் கருங்கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு மெலிந்த மனிதர், தலையில் துவாய் கட்டி, பலகையால் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றார். மிச்சமிருந்த பாதியில் நதீராவின் கார் போய்க்கொண்டிருந்தது. எதிரே அக்கரைப்பற்று பஸ்ஸும் அதே பாதியில் வந்தது. ஹோர்ன் அடித்ததே தவிர வேகத்தைக் குறைக்கவில்லை.

"வலத்தால எடு!" ஹாஜியார் சீட்டைப் பிடித்துக்கொண்டு அலறினார். "நெல்லுக்கு மேலால ஏத்து! நெல்லு மெத்த மாதிரி, காருக்கு ஒண்டும் ஆகாது! கல்லு சின்னக் கல்லுதான்!"

இடப்பக்கம் வயல்வேலி. முள்ளுக்கம்பியும், அதன் மேல் நாயுண்ணிப் பற்றையும். நதீரா நெல்லைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். கையை இடப்பக்கம் வளைத்தாள்.

கறுப்புக் கார் முள்ளுக்கம்பியோடு நீளத்துக்கு உராய்ந்தது. தகரத்தில் ஆணி இழுக்கிற சத்தம். ஹாஜியாரின் தொண்டையிலிருந்து எழுந்த சத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. பஸ் காற்றை அறைந்துகொண்டு போனது.

நெல் கிளறிய மனிதர் ஓடி வந்தார். சின்னப்போடி என்று பெயர், அந்த நெல்லுக்காரர். கம்பியைக் கையால் விலக்கி, கதவில் மாட்டியிருந்த பற்றையைப் பிடுங்கி எறிந்தார். முன்கதவிலிருந்து பின்சில்லு வரை மூன்று நீளக் கோடுகள், உள்ளே வெள்ளை தெரிய.

"என்ன தங்கச்சி இது? நெல்லில ஏத்தியிருந்தா காருக்கு ஒண்டும் வந்திராதே!"

"ஓம் அண்ணன். நெல்லுக்கு வந்திரிக்கும்."

சின்னப்போடி துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். ஹாஜியார் இறங்கி, வெறுங்காலோடு தாரில் நின்று, அந்த மூன்று கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். தார் சுட்டது. காலை மாற்றி மாற்றி வைத்தார். உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது, இழுத்து இழுத்து, ஆனால் பழைய குரல்.

"ஏறுங்க மருமகன்... மெசின் உங்களுக்காகக்... காத்துக்கிட்டு நிக்காது."

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கபூரை மெசினில் போட்ட பிறகுதான் நதீரா யன்னலடிக்கு வந்தாள். வெளியே ஆஸ்பத்திரி முற்றத்தில் கறுப்புக் கார் வெயிலில் நின்றது. ஹாஜியார் உள்ளேயே இருந்தார். பெனியனோடு எங்கே இறங்குவது? சற்றுக் கழித்து அவர் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டு, எச்சில் தொட்ட விரலால் ஒரு கோட்டை மெல்லத் தேய்த்துப் பார்ப்பதை அவள் மேல்மாடி யன்னலால் கண்டாள். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நின்று விசாரித்தார்:

"என்ன ஹாஜியார், பழய காரா வாங்கின?"

கண்ணாடி மேலே ஏறியது.

மாலையில் திரும்பி வரும்போது கபூர் சீட்டில் சாய்ந்து நித்திரை. நிந்தவூர் வந்ததும் ஹாஜியார் முன்னுக்குச் சாய்ந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நதீரா, நாளைக்கி அவரக் கூப்பிடப் போகணும். சாவியத் தாகா. இடப்பக்கத்த ஆருக்கும் காட்டாம நிப்பாட்டிருவன்."

"சாவி என்னக்கிட்டத்தான் இரிக்கும். கூப்பிடணுமெண்டா நான் வாறன். ஆனா முன்சீட்டு வாப்பாக்கு. அவருக்கும் வாசலப் பாக்க ஆச இரிக்கி. பெரியவரப் பின்னால உங்களோட இருக்கச் சொல்லுங்க."

"பெரிய மனிசனப் பின்னாலயா?"

"பெரிய மனிசனெல்லாம் பின்னாலதான் இரிக்கிற. நீங்க டீவியில பாக்கல்லியா?"

பிரமுகர் அந்தச் சங்கடத்தைத் தானே தீர்த்து வைத்தார். வெள்ளிக்கிழமை சொந்தக் காரிலேயே வந்தார். அது வெள்ளை. கொழும்பிலிருந்து வந்த தூசி முழுக்க அதில் இருந்தது. பின்கண்ணாடியில் எந்த ஊர்ப் பிள்ளையோ விரலால் ஒரு பூனைப் படம் கீறி விட்டிருந்தது. பள்ளிவாசல் முன்னால் கதவைத் திறந்துவிட நாலு பேர் முண்டியடித்தார்கள். அவர்களில் ஒருவர் அபூசாலி ஹாஜியார்.

திங்கட்கிழமை காலையில் நாவல் மரத்தடியில் கறுப்புக் கார் வெறும் மேனியாக நின்றது. பொனெட்டில் பூனை. கூரையில் ஊதாப் பொட்டு. அம்ஹா கல் பதித்த அபாயாவோடு அதில் சாய்ந்து நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். நதீரா வெள்ளை உறையை உதறி, மடித்து, டிக்கியில் போட்டாள்.

வழியில், நெல் காய்ந்த இடத்தில் காரை நிறுத்தினாள். சின்னப்போடி பலகையோடு வந்தார். அவள் உறையைத் தூக்கிக் கொடுத்தாள்.

"அண்ணன், இது எங்களுக்குத் தேவல்ல. நெல்லுக்குப் படங்கா விரிங்க. மழ வந்தா மூடவும் ஏலும். மண்ண மட்டும் நல்லா உதறுங்க."

"புதுசு போல இரிக்கே தங்கச்சி!"

"மூணு மாசம் ஒரு மையித்துக்குப் போட்ட," என்றார் முன்சீட்டிலிருந்து கபூர். "மையித்து எழும்பி ஓடிட்டு. பயப்படாம விரிங்க தம்பி."

பின்சீட்டில் ஹாஜியார், இம்முறை சட்டையும் பெல்ட்டுமாக, சிரிப்பு ஓயும் வரை காத்திருந்தார். கார் புறப்பட்டதும் மெல்லத் தொடங்கினார்.

"அம்பாறையில ஒருத்தன் இரிக்கானாம் நதீரா. அந்த மூணு கோட்டையும் இருந்த இடமே தெரியாம அழிச்சித் தருவானாம். ஒரே நாள் வேல."

நதீரா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"சாகாமத்துக் காணியில எனக்கு மிஞ்சின வரம்பு அந்த மூணும்தான். வரம்புல கைய வெச்சிப் பாருங்க."

எதிரே அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் அதைவிடப் பலமாக அடித்தாள்.